கார்டு வாங்கும் முன் கரன்ட்டைக் கவனி பாஸ்!

பத்து மாசமா பாக்கெட் மணியைச் சேர்த்து, கிராஃபிக்ஸ் கார்டு வாங்க முடிவு பண்ணிட்டீங்களா? கேம் ஆடவோ, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு மெஷின் லேர்னிங் மாடல் ஓட்டவோ... எதுவா இருந்தாலும் வாழ்த்துகள்! ஆனா, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பஸ் ஏறும் முன்னாடி ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து உங்க கேபினட்டோட பக்கவாட்டு மூடியைக் கழட்டுங்க. மூலையில தூசி படிஞ்சு உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டிதான் இந்த வார ஹீரோ. பேரு, எஸ்.எம்.பி.எஸ்!

பிராசஸர் பேரைத் தூக்கத்துலகூட சொல்லுவோம். 'எஸ்.எம்.பி.எஸ். என்ன கம்பெனி?'னு கேட்டா, 'கேபினட்டோட ஃப்ரீயா வந்தது பாஸ்'னு தலையைச் சொறிவோம். சிக்கலே அங்கேதான்!

பெரிய எழுத்தை நம்பாதீங்க!

டப்பா மேல கொட்டை எழுத்துல '450 வாட்'னு இருக்கும். அதை விட்டுட்டு, பக்கத்துல ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிங்க. அதுல '+12 வோல்ட்'னு ஒரு கட்டம் இருக்கும். கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் சாப்பிடுறது இந்த லைன்ல இருந்துதான்.

பிளஸ் டூ ஃபிசிக்ஸை ஞாபகப்படுத்திக்கங்க. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினா வாட். அந்தக் கட்டத்துல 36 ஆம்பியர்னு இருந்தா, 432 வாட். தரமான பெட்டி. 16 ஆம்பியர்னு இருந்தா, வெறும் 192 வாட்! வெளியே ரெண்டு பேருமே '450'தான்.

'80 பிளஸ்' முத்திரையும் நல்லதுதான். ஆனா, அது கரன்ட்டை எவ்வளவு வீணாக்காம மாத்துதுங்கறதுக்கான மார்க். பாதுகாப்புக்கான சான்றிதழ் இல்லை.

ஒரு சின்ன கணக்கு

இன்டெல் ஐ5 12400எஃப் பிராசஸர் முழு வேகத்துல 117 வாட் வரை இழுக்கும். ஆர்.டி.எக்ஸ் 4060 கார்டு 115 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி, ஃபேன் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு 60 வாட் வெச்சுக்கலாம். மொத்தம் 292. அந்த 192 வாட் பெட்டி இங்கேயே அவுட்!

'அப்புறம் ஏன் என்விடியா இதே கார்டுக்கு 550 வாட் கேட்குது?' நல்ல கேள்வி. கார்டு எப்பவும் ஒரே அளவா இழுக்காது. கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவா, வழக்கத்தைவிட ரொம்ப அதிகமா இழுத்துட்டு அடங்கும். அதைத் தாங்க இடைவெளி வேணும். உங்க வீட்டுப் பெட்டியோட தரம் கம்பெனிக்குத் தெரியாதுங்கறதும் ஒரு காரணம்.

பின்னைப் பாருங்க!

மதர்போர்டு ஸ்லாட் தர்றது அதிகபட்சம் 75 வாட். அதுக்கு மேல வேணும்னா தனி கேபிள். 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் தரும். உங்க எஸ்.எம்.பி.எஸ்-ல அந்த கேபிளே இல்லையா? 'இந்தப் பெட்டிய என்கிட்ட கேட்காதே'னு அதுவே சொல்லுதுன்னு அர்த்தம்.

'சாட்டா கன்வெர்ட்டர் போட்டுக்கலாம் தம்பி'னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு நகருங்க. ஒரு சாட்டா கனெக்டரோட 12 வோல்ட் தாங்குற அளவு 54 வாட். அதுல 150 வாட் ஏத்தினா பிளாஸ்டிக் உருகும்! அதேபோல, ஃப்ரெண்டோட வேற கம்பெனி மாடுலர் கேபிளைக் கடன் வாங்கி மாட்டாதீங்க. முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறும். போர்டு, ஹார்டு டிஸ்க் எல்லாம் காலி!

இதையும் கவனிங்க...

* செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் டெஸ்க்டாப்பா? பல மாடல்கள்ல எஸ்.எம்.பி.எஸ். 200 வாட் சொச்சம்தான். கனெக்டரும் தனி ரகமா இருக்கலாம்.

* கேம் சூடு பிடிக்கும்போது சிஸ்டம் திடீர்னு ரீஸ்டார்ட் ஆகுதா? ஈவென்ட் வியூவர்ல 'கெர்னல் பவர் 41' இருந்தா, சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் எஸ்.எம்.பி.எஸ்.

* யு.பி.எஸ்-ஐ மறக்காதீங்க. 600 வி.ஏ. மாடல்கள் பெரும்பாலும் தர்றது 360 வாட்தான்.

* பெட்டியைப் பிரிச்சு ரிப்பேர் பார்க்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கெப்பாசிட்டர்ல கரன்ட் நிக்கும். ஷாக் உயிருக்கே ஆபத்து.

பட்ஜெட் இடிக்குதா? கேபிளே கேட்காத கார்டுகளும் இருக்கு. 75 வாட் ஜி.டி.எக்ஸ் 1650, 2024-ல வந்த 70 வாட் ஆர்.டி.எக்ஸ் 3050 6 ஜி.பி. இதுல பல மாடல்கள் ஸ்லாட் கரன்ட்லயே ஓடிடும். இல்லைன்னா, இந்த செமஸ்டர் நல்ல எஸ்.எம்.பி.எஸ், அடுத்த செமஸ்டர் கார்டு. கார்டு மூணு வருஷத்துல பழசாகும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். அடுத்த கார்டுக்கும் சோறு போடும்!

சரி, ஸ்க்ரூ டிரைவர் எங்கே பாஸ்?