பழைய ஜீப் கொதிக்காமல் இருக்க வேண்டுமா? ஊற்றும் தண்ணீரைக் கவனியுங்கள்!

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்களில் சிலர் இன்னமும் பழைய மஹிந்திரா ஜீப்பை விடாமல் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அந்தப் பாதையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதான் கரை சேர்க்கும். 1980களில் வந்த எம்.எம். 540 போன்ற ஜீப்புகள் இன்றும் உழைக்கின்றன. ஆனால் சித்திரை வெயிலில் லோடு ஏற்றிக்கொண்டு குமுளி, போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது பாதி வழியில் கொதித்து நின்றுவிடுவதும் உண்டு. கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டால் அந்த நடையின் இலாபம் முழுவதும் பட்டறைக்குப் போய்விடும்.

சூடு எங்கே போகிறது?

நூறு ரூபாய்க்கு டீசல் போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதி எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் சூடாக இறங்குகிறது. அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதே ரேடியேட்டரின் வேலை. மலை ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போவதால் காற்று குறைகிறது. எஞ்சினோ முழு மூச்சில் உழைக்கிறது. ரேடியேட்டரில் குறை இருந்தால் அது வெளிப்படுவது அங்கேதான்.

குறை தொடங்குவது வீட்டு வாசலில்

நம் பகுதியில் பெரும்பாலான ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீர். டீக்கடை பாய்லரைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் காறை பிடித்திருக்கும். அதே காறைதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழியிலும் படிகிறது. காறை சூட்டைக் கடத்தாது, தண்ணீரின் ஓட்டத்தையும் தடுக்கும். குடம் குடமாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பவர், நோயை ஊற்றிக்கொண்டே மருந்து தேடுகிறவருக்குச் சமம்.

ஆகவே பேட்டரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீரையும் கூலண்டையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். இது துருவைத் தடுக்கும். வெறும் தண்ணீரைவிடச் சற்று அதிகச் சூட்டில்தான் கொதிக்கும். டப்பாவில் குறிப்பிட்ட காலத்தில் மாற்றிவிட வேண்டும். பல வருடம் உப்புத் தண்ணீர் ஊற்றிய வண்டியானால், முதலில் ரேடியேட்டரைக் கழற்றிப் பட்டறையில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

மளிகைக்கடைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரணமாக விற்கும் பல கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய விஷம். அதை எண்ணெய் டின்களோடு வைக்காதீர்கள். மீதியைக் காலி எண்ணெய் பாட்டிலில் ஊற்றி வைப்பது உயிருக்கே ஆபத்து.

மற்றவை

மூடி: ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அது உள்ளே அழுத்தத்தைக் காக்கிறது. ஒரு பவுண்டு அழுத்தம் கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும். ரப்பர் தேய்ந்திருந்தால் வண்டிக்கு உரிய அளவில் புதிய மூடி வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட்: 'இதைக் கழற்றி எறிந்தால் சூடாகாது' என்பார்கள். அது சரியல்ல. எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் வரும். கெட்டிருந்தால் புதியது போட வேண்டும்.

பெல்ட்டும் விசிறியும்: பேன் பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குல அளவுக்கு இறங்கலாம், அதற்கு மேல் தொய்யக்கூடாது. விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூட்டைக் கழற்றிவிடாதீர்கள். காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க உதவுவது அதுதான்.

தூசி: ரேடியேட்டர் சல்லடையில் அடைந்த பஞ்சையும் தூசியையும் எஞ்சின் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சி வெளியேற்றுங்கள்.

ஓட்டும் முறை: ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போடாதீர்கள். பல் சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு சுமை கூடும். லோடு அளவோடு இருக்கட்டும்.

கொதித்துவிட்டால்

முள் ஏறத் தொடங்கியதுமே ஓரம் கட்டுங்கள். பட்டாசு ஆலை வாசலிலும் கிட்டங்கி அருகிலும் நிறுத்த வேண்டாம். மூடியை உடனே திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறவிட்டு, கனத்த துணி போட்டு மெதுவாகத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை மடமடவென்று ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும். பிறகு ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று பொருள். அப்படியே ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

கடை திறந்ததும் தராசைச் சரிபார்ப்பது நம் வழக்கம். அதுபோல வண்டி எடுக்கும் முன் தண்ணீர், பெல்ட், ஹோஸ் பைப் மூன்றையும் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கூலண்டு வாங்கும் செலவையும் ஹெட் வேலைக்கு ஆகும் செலவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எது இலாபம் என்று வியாபாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.