தண்ணீரே சிறந்த தர்மம்

மரணித்த தன் தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என ஸஃத் இப்னு உபாதா (ரலி) வினவியபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரையே கூறினார்கள். ஸஃத் கிணறு தோண்டினார்.

இன்று தோண்டினால் மட்டும் போதாது. மணற்பாங்கான கற்பிட்டியில் தோட்டங்களுக்கு இடும் பசளை கீழிறங்கி, கிணறுகளில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அவர்களின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும்.

இதைப் பரிசோதிக்கவும் சுத்திகரிக்கவும் கற்றுத்தருவது சூழல் பொறியியல். தாய்மாரே! உங்கள் மகள் அதை விரும்பினால் “பெண் பிள்ளைக்கு எதற்கு?” எனத் தடுக்காதீர்கள். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் படிக்கட்டும். இறையச்சத்தோடு ஊரின் கிணற்றைக் காக்கும் அறிவும் ஒரு ஸதகாவே.