மேலடுக்கை மட்டும் வெட்டும் கத்தி

தாளைத் துண்டாக வெட்டுவதைவிட, மேலிருப்பதை வெட்டிவிட்டு அடியிலிருப்பதைத் தொடாமல் நிற்பது கடினம். சிவகாசி அச்சகங்களில் தினமும் நடக்கும் வேலை இது. ஸ்டிக்கர் ஷீட்டில் மேலே அச்சிடும் தாள், நடுவே பசை, கீழே சிலிக்கான் பூசிய அடித்தாள். கத்தி முதல் இரண்டையும் கடந்து மூன்றாவதன் முகத்தில் நின்றுவிட வேண்டும். இதுவே ஹாஃப் கட். அடித்தாளின் கனம் பெரும்பாலும் 0.1 மி.மீ.கூட இராது, பிசகுக்கு அவ்வளவுதான் இடம்.

1920களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழிலைக் கற்று சிவகாசிக்குக் கொண்டுவந்தனர். தீப்பெட்டிக்கு லேபிள், பட்டாசுக்கு அட்டைப்பெட்டி என்று அச்சும் வெட்டும் சேர்ந்தே வளர்ந்தன.

பெட்டியின் வடிவத்தை வெட்டுவது டை. சுமார் 18 மி.மீ. பிளைவுட்டில் லேசரால் அறுத்த பிளவுகளில், 23.8 மி.மீ. உயரமுள்ள கூரான எஃகுப் பட்டைகளை வளைத்துச் செருகுகிறார்கள். மடிப்புக் கோட்டுக்கு மழுங்கிய, உயரம் சற்றே குறைந்த பட்டை. வெட்டிய தாள் கத்தியிலேயே ஒட்டிக்கொள்ளாதிருக்க இருபுறமும் ரப்பர்.

இதே வகை டையால் ஸ்டிக்கரை ஹாஃப் கட் செய்யும்போதுதான் நுட்பம் வருகிறது. எந்த மெஷினின் அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழாது. முதல் ஷீட்டில் ஒரு மூலை வெட்டுப்படாமல் நின்றால், மொத்த அழுத்தத்தையும் கூட்டுவது தீர்வல்ல. கூட்டினால் மற்ற இடங்களில் அடித்தாளும் அறுந்துவிடும். வெட்டு விழாத இடத்துக்கு நேராக, டையின் முதுகில் மெல்லிய தாள் நறுக்கை ஒட்டிப் பார்க்கிறார்கள். போதாவிட்டால் அதன்மேல் இன்னொன்று. ஒரு தாள் கனத்தில் அளக்கும் இந்தப் பொறுமைதான் நல்ல டை கட்டிங்கின் உயிர்.

பத்துப் பிரதிக்கு டை செய்வது கட்டுபடியாகாது. அதற்குக் கணினி வழிநடத்தும் கத்தியுள்ள பிளாட்டர். அதன் கத்திமுனை சுழலும் அச்சிலிருந்து சுமார் 0.25 மி.மீ. விலகியிருப்பதால், திருத்தம் கொடுக்காவிட்டால் கூர்மூலைகள் வட்டமாகிவிடும்.

மாதிரி விண்கலம் செய்பவர்கள், நிறம் படக்கூடாத இடத்தை மூடும் ஒட்டுப்படலமான பெயின்ட் மாஸ்கை வெட்டுவதும் இதே கருவியில், இதே ஹாஃப் கட்டாகத்தான். 1979இல் வந்த முதல் ‘ஸ்டார் ட்ரெக்’ திரைப்படத்துக்காக, எண்டர்பிரைஸ் விண்கல மாதிரியின் உடலெங்கும் பால் ஓல்சன் முத்துப் பளபளப்புள்ள வண்ணங்களில் நுண்ணிய தகட்டுக் கட்டங்களைத் தீட்டினார். அடுத்தடுத்த கட்டங்கள் நிறத்தில் மயிரிழை வேறுபட்டால்தான் சிறு மாதிரி பெருங்கப்பலாகத் தோன்றும். மாஸ்கை மாதிரியின் மேலேயே ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக்தான் அடித்தாள். கத்திக் கீறல் பெயின்டுக்கு அடியிலும் தெரியும். தனியே வெட்டி எடுத்து ஒட்டுவதே நல்லது.

உருளையிலும் கூம்பிலும் தட்டையான மாஸ்க் சுருக்கமின்றிப் படியும். கோளத்தில் படியாது, ஆரஞ்சுச் சுளைபோல் ஒடுங்கிய பட்டைகளாகப் பிரித்து ஒட்ட வேண்டும். ஒட்டியதும் அடிநிறத்தையே விளிம்பில் மெல்லத் தெளித்தால் சந்துகள் அடைபடும்; கசிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பிறகே புது நிறம், மெல்லிய பூச்சுகளாக. கனத்துப் பூசினால் விளிம்பில் வரப்பு எழும். பெயின்ட் முற்றும் இறுகுமுன், மாஸ்கை மேல்நோக்கி இழுக்காமல் தன்மேலேயே மடங்கும்படி மெதுவாக உரிக்க வேண்டும்.