எந்த நிறச் சட்டை அணிவது?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக அணிகளின் நிறம் சிவப்பு. அங்கே மகளிர் கூடைப்பந்துப் பயிற்றுநராக விளங்கிய கே யோவுக்கு 1987இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து நோய் மீண்டும் தலைகாட்டியபோதும் சிகிச்சைக்கிடையே அவர் பயிற்சியளித்தார். 2009 ஜனவரியில் மறைந்தார். அவர் பெயரிலான புற்றுநோய் நிதிக்காக நடைபெறும் ஆட்டங்களில் இளஞ்சிவப்பே அரங்கை நிறைக்கிறது. நம் நாட்டிலும் 2023 மே 15 அன்று குஜராத் டைட்டன்ஸ் கிரிக்கெட் அணி, புற்றுநோய் விழிப்புணர்வுக்காக லாவெண்டர் நிறச் சட்டையில் களமிறங்கியது.

‘நம் அணியின் நிறத்தை விடலாமா? ஒருநாள் சட்டையால் நோய் தீருமா?’ என ரசிகர்கள் வாதிடுவது இயல்பே. சட்டை நோயைத் தீர்க்காது. ஆனால் கூச்சத்தைக் குறைக்கும். அக்கூச்சமே எங்கள் கவலை. ‘வலி இல்லையே’ என்று பெண்கள் மாதக்கணக்கில் மறைத்துவிடுகின்றனர். தொடக்கநிலைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவர்கள் அறிவதில்லை.

மார்பிலோ அக்குளிலோ புதிய கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்வாங்குதல், காம்பில் இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரை அணுகுங்கள். கட்டிகளுள் பல புற்றுநோய் அல்ல. ஆயினும் அதைப் பரிசோதனையே உறுதிசெய்ய வேண்டும். 30 வயது கடந்த பெண்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

சாத்தாங்காட்டில் எந்த நிறச் சட்டை அணிந்தாலும் சரி. இன்று வீட்டிலுள்ள தாயிடமும் மனைவியிடமும் இதைப் பற்றிப் பேசுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.