கொதிக்கும் நீரும் பிள்ளைகள் ஆக்கும் அசைபடமும்

கொதிக்கும் நீரின் அடியிலிருந்து எழுந்துவரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது? நியூசிலாந்தின் ரோஜர் ஆஸ்பர்ன், மார்க் காஸ்குரோவ் ஆகிய இருவரும் இவ்வினாவைப் பள்ளிப் பிள்ளைகளிடம் எழுப்பி, கிடைத்த விடைகளை 1983ஆம் ஆண்டு வெளியிட்டனர். காற்று என்றனர் சிலர். வெப்பம் என்றனர் சிலர். நீர் உடைந்து பிரிந்த நீரகமும் உயிர்வளியும் என்றனர் வேறு பலர். மூலக்கூறு பற்றிப் பாடம் படித்த மூத்த மாணவரிடத்தும் இப்பிழை வேரூன்றி நின்றது. உண்மையில் குமிழிக்குள் இருப்பது நீராவி. மூலக்கூறு எதுவும் உடைவதில்லை. ஒன்றைவிட்டு ஒன்று விலகுகிறது, அவ்வளவே.

பிழைக்குப் பிள்ளையை நோவதில் பொருளில்லை. திண்மம், நீர்மம், வளிமம் என மூன்று கட்டங்களை வரைந்து, உள்ளே புள்ளிகளை நெருக்கியும் தளர்த்தியும் இட்டுக் காட்டுகிறது பாடநூல். ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்குப் புள்ளிகள் எவ்வாறு சென்றன என்பதைத் தாள் காட்டுவதில்லை. அந்த இடைவெளியைப் பிள்ளை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. நிரப்பியது என்னவென்று ஆசிரியர்க்குத் தெரிய வழியில்லை. அசைபடம் வகுப்பறைக்குள் வரவேண்டிய வாயில் இதுவே. ஆயினும் அதனைக் காணச் செய்வதைக் காட்டிலும் ஆக்கச் செய்வதே பிள்ளைக்குப் பயன் மிக்கது என்பது என் துணிபு.

ஏன் என்பதை அறிய, அசைபடம் பிறந்த வகையை முதலில் நோக்கவேண்டும். 1832இல் பெல்ஜிய இயற்பியலாளர் ஜோசப் பிளாத்தோ ஒரு வட்டத் தட்டில் சிறுசிறு வேறுபாடுகளோடு படங்களை வரிசையாக வரைந்து, தட்டைச் சுழற்றி, அதன் பிளவுகளின் வழியே ஆடியில் நோக்கச் செய்தார், படம் அசைந்தது. 1892இல் பாரிஸ் நகரின் கிரெவேன் அருங்காட்சியகத்தில் எமில் ரெய்னோ கையால் தீட்டிய படச்சுருள்களைத் திரையில் ஓட்டிக் காட்டினார். இவ்வசைவு எங்கே பிறக்கிறது என்ற வினாவை 1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்த்தைமர் ஆராய்ந்தார். இரண்டு கோடுகள் தக்க இடைவெளியில் அடுத்தடுத்துத் தோன்றி மறையுமானால், ஒரே கோடு இடம்பெயர்ந்ததாக மனம் காண்கிறது. அசைவு தாளிலும் இல்லை, திரையிலும் இல்லை. காண்பவரின் மூளையே அதனை ஆக்கிக்கொள்கிறது. அப்பணி கண்ணிமைக்கும் நேரத்தில், நாம் அறியாமலே, யாதோர் உழைப்புமின்றி முடிந்துவிடுகிறது. கலைக்கு இது பேறு, கற்றலுக்கு இடர்.

அவ்விடரை ஆய்வுகள் காட்டின. 2002இல் பார்பரா டிவெர்ஸ்கியும் உடனாய்வாளரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் துருவி நோக்கினர். அசைபடம் வென்றதாகச் சொல்லப்பட்ட இடங்கள் பலவற்றில், நிலைப்படத்தில் இல்லாத கூடுதல் செய்தி அசைபடத்தில் இடம்பெற்றிருந்தது. 2005இல் ரிச்சர்டு மேயர் குழுவினர் மின்னல் உருவாதல், கடலலை, ஊர்தியின் தடைக்கருவி, கழிப்பறை நீர்த்தொட்டி ஆகியவற்றை இருவகையாகக் கற்பித்தனர்: ஒரு சாரார்க்கு விளக்கவுரையோடு கூடிய அசைபடம், மறு சாரார்க்கு நிலைப்படங்களும் எழுத்தும் கொண்ட தாள். தாளில் கற்றோர் எத்தேர்விலும் பின்தங்கவில்லை, சிலவற்றில் முந்தினர். ஓடும் படம் நில்லாது கழிந்துவிடுகிறது. கண்டதை நினைவில் நிறுத்துமுன் அடுத்தது வந்துவிடுகிறது. தாளில் கற்பவரோ ஒரு படத்துக்கும் மறு படத்துக்கும் இடையே நிகழ்ந்ததைத் தாமே எண்ணிப் பார்க்க நேர்கிறது. நடுநிலையோடு மற்றொன்றும் சொல்லவேண்டும். 2007இல் 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஹோஃப்லரும் லாய்ட்னரும் சராசரியில் அசைபடத்துக்கே ஏற்றம் கண்டனர். கையால் செய்யும் செயல்முறைகளைக் கற்பிக்கையில் அவ்வேற்றம் மிகுந்திருந்தது.

அசைபடத்தைக் கற்போரே ஆக்குவதற்கு ஆஸ்திரேலியாவின் வுல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் காரி ஹோபன் வகுத்த முறை இவ்விடத்தில் போற்றத்தக்கது. திரைப்படத்தில் வினாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும். ஹோபன் முறையில் இரண்டே. ஆசிரியப் பயிற்சி பெறுவோர் பாடப்பொருளைப் படித்துக் குறிப்பெடுப்பர். காட்சிகளை வரிசையாக வரைவர். களிமண்ணிலோ அட்டையிலோ உருக்களைச் செய்வர். அவற்றைச் சிறிது நகர்த்தி ஓர் ஒளிப்படம், மீண்டும் நகர்த்தி மற்றொன்று என எடுப்பர். இறுதியில் குரல் சேர்ப்பர். ஒரே கருத்து ஐந்து வடிவங்களைக் கடக்கிறது. ஒவ்வொரு கடவையிலும் அது சோதிக்கப்படுகிறது.

கொதிநீரை இம்முறையில் ஆக்கப் புகும் ஒரு குழுவை எண்ணிப் பார்ப்போம். மேசைமேல் கருந்தாள், அதன்மேல் ஓர் உயிர்வளி வட்டமும் இரு நீரக வட்டங்களும் ஒட்டிய மூலக்கூறுகள் பல. முதல் ஒளிப்படம் எடுத்தாயிற்று. இனி எதை நகர்த்துவது? நீரக வட்டத்தைப் பிய்க்கக் கை நீள்கிறது. பிய்க்கலாமா என்ற வினா அப்போதே எழுகிறது. சூடேறினால் வட்டமே பெரிதாகுமா? ஆகும் என்று எண்ணும் பிள்ளை புதிய பெரிய வட்டங்களை வெட்டப் புறப்படும். கையில் கத்தரிக்கோல் எடுத்த அக்கணமே அதன் மனத்தில் இருந்த பிழை மேசைமேல் வெளிப்பட்டுவிடும். எழுத்துத் தேர்வில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடிய பிழை அது.

அளவு பற்றிய கேள்வி இதனினும் அரியது. கொதிநிலையில் நீர் ஆவியாகும்போது அதன் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. பருமன் மூன்று திசைகளிலும் விரிவதால், மூலக்கூறுகளுக்கு இடையிலான தொலைவு ஏறக்குறைய 12 மடங்காகிறது. நீர்மநிலையில் ஓர் அங்குல இடைவெளியில் வைத்த வட்டங்களை ஆவியில் ஓர் அடிக்கு ஒன்றாகப் பரப்பவேண்டும். தாள் போதாது, மேசையும் போதாது. பிள்ளைகள் தரையில் இறங்கி வட்டங்களைப் பரப்பவேண்டியிருக்கும். வளிமம் என்பது பெரும்பாலும் வெற்றிடமே என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் வழி எனக்குத் தெரியவில்லை. பாடநூலின் மூன்றாம் கட்டம் எவ்வளவு நெருக்கமாக வரையப்பட்டுள்ளது என்பதும் அப்போது அவர்களுக்கே புலப்படும்.

ஆக்கினால் மட்டும் போதுமா? போதாது. சாங், குயின்டானா, கிராச்சிக் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஏழாம் வகுப்பு மாணவர் 271 பேர், எட்டு வகுப்புகளாக, அதில் பங்கேற்றனர். புரட்டேடு போன்ற எளிய மூலக்கூற்று அசைபடங்களை ஆக்க உதவும் ஒரு கணினிக் கருவி அவர்களுக்குத் தரப்பட்டது. சில வகுப்பினர் படத்தை ஆக்கி, விளக்கி, ஒருவர் படத்தை மற்றவர் மதிப்பிட்டனர். சிலர் ஆக்கி விளக்கினர், மதிப்பிடவில்லை. சிலர் ஆசிரியர் ஆக்கியதைக் கண்டு விளக்கினர். முதல் வகையினரே தெளிவாக மேம்பட்டனர். மதிப்பீடின்றி ஆக்கியோர், வெறுமனே கண்டோரைவிட உயர்ந்தனர் என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

இம்முடிவு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பள்ளிகளில் கலைச் செயல்திட்டம் என்றாலே கண்காட்சி, கைதட்டல், பரிசு என்று முடிகிறது. தோழன் எழுந்து, “உன் நீராவியில் ஒரு மூலக்கூறு குறைகிறதே, அது எங்கே போயிற்று?” என்று கேட்கும் வேளையில்தான் பொருள் அழியாமை விதி வகுப்பறையில் உயிர் பெறுகிறது. அக்கேள்விக்கு நேரம் ஒதுக்காத திட்டத்தில் வண்ணமும் பசையும் செலவானதே மிச்சம்.

கலையாசிரியரின் பங்கு ஈண்டுப் பெரிது. 1865இல் லண்டன் ராயல் நிறுவனத்தில் ஹாஃப்மன் என்னும் வேதியியலாளர் வண்ணம் பூசிய விளையாட்டுப் பந்துகளைக் கோத்து மூலக்கூறுகளைக் காட்டினார். நீரகத்துக்கு வெண்மை, உயிர்வளிக்குச் செம்மை, கரிக்குக் கருமை என அவர் கொண்ட நிறங்களை இன்றும் உலகம் கையாள்கிறது. இந்நிறங்கள் வழக்கு, இயற்கை அல்ல என்பதைப் பிள்ளைக்குச் சொல்லித் தரவேண்டியவர் வண்ணத்தை அறிந்தவரே. மூலக்கூறுக்குக் கண்ணும் சிரித்த வாயும் வரையும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது குழந்தையின் கண்ணை முகத்திலேயே கட்டிப்போட்டு, அசைவிலிருந்து விலக்குகிறது. மூலக்கூறு விரும்பி ஓடுகிறது என்ற மயக்கத்தையும் விதைக்கிறது. பின்னணி இசையையும் இவ்வாறே குறைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பாடத்துக்கும் இவ்வுழைப்பு வேண்டுவதில்லை. நிலவின் வளர்பிறை தேய்பிறை, இதயத் தடுக்கிதழ்களின் திறப்பும் மூடலும், உயிரணுப் பிரிவு, கண்டத்தட்டுகளின் நகர்வு என, கண்ணுக்கு எட்டாத மாற்றமே பாடமாக உள்ள இடங்களில் ஆண்டுக்கு இரண்டு மூன்று செய்தால் போதும். கைப்பேசி இல்லாத பள்ளியில் பழைய குறிப்பேட்டின் ஓரங்களில் வரைந்து விரலால் புரட்டலாம். மதிப்பெண் இடும்போது, முதலில் ஆக்கிய படத்தையும் தோழர்கள் வினவியபின் திருத்திய படத்தையும் அருகருகே ஓட்டச் செய்து, எந்தச் சட்டகத்தை ஏன் மாற்றினாய் என்று கேட்டு, அவ்விடைக்கே பெரும்பகுதி மதிப்பெண்ணை வழங்கவேண்டும்.