மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர்

அம்பத்தூரில் ஒரு வீடு. கீழே இரண்டு குடித்தனம், மாடியில் இரண்டு. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற முக்கோணச் சந்தில் மின் ஸ்கூட்டர் நிற்கிறது. அதற்கு மேலே நான்கு ஈபி மீட்டர்கள், பக்கத்தில் பழைய பேப்பர் கட்டு. மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை இறக்கி, ராத்திரி பத்து மணிக்கு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். மாடியிலிருந்து இறங்க வேறு வழி கிடையாது.

பேட்டரி தீப்பிடித்தது என்றதும் எல்லோரும் எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்கிறார்கள். எங்கே நிறுத்தி சார்ஜ் போட்டார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. 2022 மார்ச்சில் வேலூரில், சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கிய இரவில் வண்டி எரிந்து, தந்தையும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின் வாகன ஷோரூமில் பிடித்த தீயின் புகை, மாடிப்படி வழியாக மேலே இருந்த லாட்ஜுக்கு ஏறியது. எட்டுப் பேர் போனார்கள்.

பேட்டரி செல்லுக்குள் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைப்பது மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. சூடு 130 டிகிரியைத் தாண்டினால் அது உருகத் தொடங்கும். உள்ளே ஷார்ட் ஆகும், சூடு இன்னும் ஏறும், பக்கத்து செல்லும் பற்றிக்கொள்ளும். வெளியே வரும் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நஞ்சும் இருக்கும். மண்ணைக் கொட்டினாலும் அடங்காது; ஏராளமாகத் தண்ணீர் அடித்துக் குளிர வைக்க வேண்டும். அது தீயணைப்பு வண்டி செய்கிற வேலை. வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது வெளியே ஓடுவதுதான். ஓடுகிற வழியில்தான் வண்டி எரிகிறது.

பெட்ரோல் வண்டி எரிவதில்லையா என்பார்கள். எரிகிறதுதான். ஆனால் அதை யாரும் ராத்திரி முழுக்க கரண்டில் மாட்டிவிட்டுத் தூங்குவதில்லை.

வண்டியோடு வந்த சார்ஜரையே போடுங்கள், ஓட்டிவந்த சூடு ஆறட்டும், கழற்றுகிற பேட்டரி என்றால் கட்டிலோரம் வேண்டாம், உப்பிப்போன பவர் பேங்கை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இதெல்லாம் நம் கையில் இருப்பவை. பிளக் பாயின்ட் எங்கே இருக்க வேண்டும் என்பது வாடகைக்காரர் கையில் இல்லையே!

“காம்பவுண்டு சுவரோரமா ஒரு பாயின்ட் போட்டுக் குடுங்கன்னு ஹவுஸ் ஓனர்கிட்ட மூணு தடவை கேட்டுட்டேன் சார். மழையில நனையும், வேணாம்ங்கிறார்” என்றார் அந்த அம்பத்தூர் மாடி வீட்டுப் பெண். மூடி வைத்த பெட்டி, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஒரு ஆர்சிசிபி, எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. அது நடக்கும்வரை காலையில் எழுந்த பிறகு, கண் பார்க்க சார்ஜ் போடச் சொன்னேன். நான் கிளம்பும்போது பேப்பர் கட்டைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தார்.