சேவூர் தறியும் சவூர் விஞ்ஞானியும்

ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள சேவூர், பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. தறி ஓடும் வீட்டைத் தாண்டிப் போனால் 'டக்... டக்...' என்று சத்தம் கேட்கும்.

நெய்யும்போது பாவு இழை அறுந்துபோவது சகஜம். நெசவாளர் பதறமாட்டார். தறியை நிறுத்துவார். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவார். பிறகுதான் மறுபடி நெய்வார். கவனிக்காமல் விட்டால் சேலையில் பழுது விழுந்துவிடும்.

இதே வேலை இந்த நொடியில் உங்கள் உடம்புக்குள்ளும் நடக்கிறது என்றால் நம்புவீர்களா?

இரண்டு மீட்டர் நூல்!

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. பெரும்பாலான வகைச் செல்களுக்குள் டி.என்.ஏ. என்னும் மெல்லிய இழை சுருண்டு கிடக்கிறது. ஒரு செல்லில் இருப்பதை நீட்டினால் சுமார் இரண்டு மீட்டர் வரும்! உடம்பு எப்படி வளர வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இந்தக் குறிப்பில் நான்கே எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி. இரண்டு இழைகள் முறுக்கிய கயிறுபோல் இருக்கும். ஓர் இழையில் ஏ இருந்தால் எதிர் இழையில் டி இருக்கும். ஜி இருந்தால் எதிரே சி. இப்படி அப்பாவிடமிருந்து சுமார் 300 கோடி ஜோடி, அம்மாவிடமிருந்து சுமார் 300 கோடி ஜோடி எழுத்துகள் நமக்கு வந்திருக்கின்றன.

டி.என்.ஏ. அசைக்க முடியாத உறுதி கொண்டது என்றுதான் விஞ்ஞானிகள் முதலில் நினைத்தார்கள். அது தவறு என்று காட்டியவர் ஸ்வீடனில் பிறந்த தாமஸ் லிண்டால். உடம்பில் உள்ள தண்ணீரும் சூடும்கூட அதைக் கெடுக்கும். ஒரே நாளில் ஒரு செல்லுக்குள் பல ஆயிரம் பழுதுகள் ஏற்படுகின்றன! அப்படியானால் நாம் எப்படி உயிரோடு இருக்கிறோம்? செல்லுக்குள்ளேயே பழுது பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் 'என்சைம்' எனப்படும் நொதிகள்.

சவூர் பையன்

நம் சேவூரைப் போலவே பெயர் ஒலிக்கும் ஓர் ஊர் துருக்கியில் இருக்கிறது. அதன் பெயர் சவூர். அங்கே 1946-ல் பிறந்தவர் அஜீஸ் சங்ஜார். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர் ஏழாவது. பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பிள்ளைகள் படித்தே ஆகவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். அஜீஸ் டாக்டருக்குப் படித்தார். பிறகு அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் இறங்கினார்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ.வில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு டி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தைச் சரியாகப் படிக்க முடியாது. பாக்டீரியாவின் நொதிகள் இந்தப் பழுதின் இரண்டு பக்கமும் வெட்டி, சுமார் 12 எழுத்துகள் கொண்ட துண்டையே எடுத்துவிடுகின்றன என்று 1983-ல் அஜீஸ் காட்டினார். மனித செல்லில் வெட்டப்படும் துண்டு இன்னும் பெரியது. ஏறக்குறைய 30 எழுத்துகள். அப்புறம் எதிர் இழையைப் பார்த்து, விடுபட்ட எழுத்துகளைப் புதிதாக நிரப்பிவிடும். அசல் கிழிந்தாலும் நகல் கையில் இருப்பது மாதிரி!

செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அப்போது வரும் எழுத்துப் பிழைகளைச் செல் எப்படித் திருத்துகிறது என்று கண்டுபிடித்தவர் பால் மாட்ரிச். லிண்டால், மாட்ரிச், சங்ஜார் மூவருக்கும் 2015-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

முடிச்சுத் தவறினால்?

வெயில் பழுதைச் சரிசெய்யும் நொதிகள் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத சில குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களால் பகலில் வெளியே விளையாட முடியாது. கொஞ்ச வெயிலே தோலைப் புண்ணாக்கும். சிறு வயதிலேயே தோல் புற்றுநோயும் வரலாம்.

மற்றவர்களுக்கும் ஆபத்து உண்டு. சரிசெய்யாத பழுதுகள் சேர்ந்துகொண்டே போனால், செல் கட்டுப்பாடில்லாமல் பெருக ஆரம்பிக்கலாம். அதுதான் புற்றுநோய். அது ஒட்டுவாரொட்டி அல்ல. நோயாளியின் பக்கத்தில் உட்காரலாம், சேர்ந்து சாப்பிடலாம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கினார்.

புகையிலை இழைகளை அறுத்துத் தள்ளும் பொல்லாத கத்தி. புகைத்தாலும் மென்றாலும் அதில் உள்ள நச்சுகள் டி.என்.ஏ.வைக் கெடுக்கும். வாயில் போட்டு மெல்லும் புகையிலை, வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம். ஒரு நிமிஷத்தில் நாலு இழை அறுந்தால் நெசவாளர் சமாளிப்பார். நாற்பது அறுந்தால்?

செல்கள் நம்மைக் கேட்காமலே ராத்திரி பகலாக முடிச்சுப் போடுகின்றன. கூடுதலாக அறுக்காமல் இருப்பது நம் பங்கு. வீட்டில் யாராவது புகையிலை போட்டால், இந்தத் தறிக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்களேன்!

உங்களுக்குத் தெரியுமா?

பழுது சரியாகும்வரை செல் பிரிவதை நிறுத்தி வைக்கும் ஒரு காவலாளி மரபணு உண்டு. அதன் பெயர் பி-53. நம்மிடம் அது ஒரு ஜோடிதான். யானையிடம் ஏறக்குறைய 20 ஜோடி! அவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் யானைக்குப் புற்றுநோய் அதிகம் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.